பழைய கல் நகைக்கு மூன்று பேர் சொன்ன மூன்று மதிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மோதிரம்: நடுவில் நீள்வட்ட நீலக்கல், சுற்றிலும் பொடி வைரங்கள், உட்புறம் 750 (ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்) என்ற முத்திரை. ஒரு ஜோடிக் கம்மல்: ஒவ்வொன்றிலும் வட்டமான சிவப்புக் கல் ஒன்று. இவற்றோடு 1996 தேதியிட்ட மதிப்பீட்டுத் தாள் ஒன்று. பழைய நகை விற்கும் ஒருவரிடமிருந்து என் தோழி மொத்தமாக வாங்கியது. தாளில் ‘இயற்கை நீலம், தோராயமாக 2.25 காரட்’ என்றும் ‘இயற்கை மாணிக்கம், நன்கு பொருந்திய ஜோடி’ என்றும் எழுதி, அடியில் கனமான ஒரு தொகை போட்டிருந்தது. விற்றவர் அந்தத் தொகையில் பாதியைத்தான் கேட்டார். பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்று ரசீதிலும் எழுதிக் கொடுத்திருந்தார், அது பின்னால் ரொம்பவே உதவியது.

வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறுத்தல். சரி, கேட்டுவிடலாம் என்று பழைய நகை வாங்கும் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் தராசில் போட்டார், கற்களை ஒரு பார்வை பார்த்தார், “கல்லுக்கெல்லாம் விலை கிடையாதுங்க, தங்க எடைக்குத் தரேன்” என்றார். அவர் சொன்ன தொகை தாளில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இன்னொரு கடையில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்தார்கள், விளக்கு எரிந்தது, “எல்லாமே ஒரிஜினல்” என்று சொல்லிவிட்டார்கள். புது சர்டிபிகேட் வேண்டுமானால் தருகிறோம், பழைய தாளில் இருப்பதைவிடக் கூடவே போட்டுத் தரலாம், கூலி மதிப்பில் இத்தனை சதவீதம் என்றார்கள். இப்படி இரண்டு பதில்களோடு அவள் என்னிடம் வந்தபோது, யார் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. இந்தக் கல் என்ன, இதன் மதிப்பு என்ன, இதை நான் என்ன விலைக்கு வாங்குவேன் என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதல் கடைக்காரர் மூன்றாவதற்கு மட்டும் பதில் சொன்னார். இரண்டாவது கடை, முதல் கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிட்டு இரண்டாவதை விற்கப் பார்த்தது.

கடைக்காரரின் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. பழைய நகையை உருக்கி விற்கும் தொழிலில் கல் என்பது கழற்றி வைக்க வேண்டிய தொல்லை, அடையாளம் தெரியாத கல்லுக்குக் காசு போட்டு அவர் ஏன் ரிஸ்க் எடுக்க வேண்டும்? அவரிடம் மதிப்பு கேட்டதுதான் பொருந்தாத வேலை. வீட்டை வாங்க வந்தவரிடமே “இதற்கு நான் என்ன விலை சொல்லலாம்?” என்று ஆலோசனை கேட்பது மாதிரி அது.

சதவீதக் கூலி அப்படியல்ல, அதில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. மதிப்பு ஏற ஏறக் கூலியும் ஏறும் என்றால் எழுதுகிறவரின் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் மதிப்பீட்டாளர்கள் பின்பற்றும் யுஎஸ்பாப் நெறிமுறை, மதிப்பின் தொகையைச் சார்ந்து கூலி வாங்குவதையே தடை செய்கிறது. எந்த நாடாக இருந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: கூலி மணிக்கணக்கிலா, உருப்படிக் கணக்கிலா, சதவீதத்திலா? சதவீதம் என்றால் எழுந்து வந்துவிடலாம். பார்த்த உடனே “எனக்கே கொடுத்துடுங்க” என்று சொல்கிறவரிடமிருந்தும்தான்.

ஆகவே தேடியது நகை வாங்காத, விற்காத, ரத்தினவியல் படித்த ஒருவரை. கிடைத்தார், வயதானவர், அதிகம் பேசாதவர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலியை முதலிலேயே சொல்லிவிட்டார். “எதுக்காக மதிப்பு வேணும்? இன்ஷூரன்ஸா, விற்கவா, வாங்கின விலை சரியான்னு பார்க்கவா?” என்று கேட்டார். அதுவரை யாரும் இதைக் கேட்டிருக்கவில்லை. வாங்கிய விலை சரியா என்று பார்க்கத்தான் என்று அவள் சொன்னாள், அதைக் குறித்துக்கொண்டார்.

அப்புறம் ரசீது எழுதினார். அதில் ‘நீல நிறக் கல் பதித்த மோதிரம்’, ‘சிவப்பு நிறக் கற்கள் பதித்த கம்மல்’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்துத் தோழிக்கு முகம் மாறிவிட்டது, நீலம் என்று எழுதாமல் நீல நிறக் கல் என்கிறாரே, இப்போதே போலி என்று முடிவு கட்டிவிட்டாரா என்று. உண்மையில் நேர்மையான ஆள் இப்படித்தான் எழுதுவார். சோதிக்கும் முன்பே ‘மாணிக்கம்’ என்று ரசீது போட்டால் அது சோதனையில்லாமல் கொடுத்த சான்றாகிவிடும். நிறம், வடிவம், மில்லிமீட்டர் அளவு, மொத்த எடை, எந்தக் கல்லின் ஓரத்தில் சின்னச் சேதம் இருக்கிறது என்பதுவரை எழுதி, படமும் எடுத்துக்கொண்டார். கல்லை மாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த மாதிரி ரசீதைவிட நல்ல காவல் கிடையாது. கல்லின் உள்ளே இருக்கும் வெடிப்பையும் துகளையும் உங்களிடமே லென்ஸில் காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறவர் என்றால் இன்னும் நல்லது, ஒரு கல்லில் இருக்கும் அமைப்பு இன்னொன்றில் அப்படியே இருக்காது.

மோதிரம்

‘அந்தக் காலத்து நகை, அப்போ ஏது போலி’ என்ற நினைப்பு பலருக்கு உண்டு. தோழிக்கும் இருந்தது. அகஸ்ட் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தீச்சுடரில் அலுமினியம் ஆக்சைடுப் பொடியை உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டது 1902இல். கொஞ்ச காலத்திலேயே அதே வழியில் நீலமும் வந்துவிட்டது. பாட்டி காலத்து, கொள்ளுப்பாட்டி காலத்து நகையில்கூட ஆய்வுக்கூடத்தில் பிறந்த கல் இருக்கலாம், நல்ல பிளாட்டினத்திலும் நிஜ வைரங்களுக்கு நடுவிலும் இருக்கலாம். பழமை எந்தக் கல்லுக்கும் சாட்சி சொல்லாது.

இன்னொரு சிக்கல், வெர்னுய் முறையில் வந்த கல் கண்ணாடி இல்லை. வேதியியலில் அது இயற்கைக் கல்லேதான். ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் இரண்டும் 1.762 முதல் 1.770 வரை அதே எண்ணைக் காட்டும், அடர்த்தியும் அதே 4.00. அந்தக் கடையில் விளக்கு எரிந்தது இதனால்தான். வெப்பத்தைக் கல் எப்படிக் கடத்துகிறது என்பதைத்தான் அந்தப் பேனா அளக்கிறது, கல் மண்ணில் பிறந்ததா உலையில் பிறந்ததா என்பது அதற்குத் தெரியாது. (வைரத்துக்கு வைக்கும் அதே வகைப் பேனா, வைரம் போலவே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லையும் வைரம் என்று சொல்லிவிடும்.)

மதிப்பீட்டாளர் முதலில் எண்ணைப் பார்த்தார், குருந்தம் என்று உறுதியானது, அதாவது மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குடும்பம். அடுத்து, வெள்ளை வெளிச்சத்தின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மோதிரத்தைத் தலைகீழாக அதில் வைத்து எங்களை எட்டிப் பார்க்கச் சொன்னார். தண்ணீருக்குள் பட்டைகளின் மினுக்கம் அடங்கிப்போய் நிறம் மட்டும் தனியாகத் தெரிந்தது: கல்லின் ஒரு பக்கமாக நேர்க்கோட்டு நிற வரிகள், நீலம், வெளிர், மறுபடி நீலம், ஓரிடத்தில் மூலை மாதிரி மடங்கி அடுத்த திசையில் ஓடின. இயற்கைக் கல் அதன் படிக முகங்களின்படி வளரும், அதனால் நிறம் நேர்க்கோட்டிலும் கோணத்திலும் நிற்கும். தீச்சுடரில் வளர்த்ததில் உருகிய துளிகள் உருண்டைத் தலை மேல் விழுந்து விழுந்து படிவதால் கோடுகள் வளைந்திருக்கும். லென்ஸில் இன்னொன்றும் தெரிந்தது, பட்டு என்று சொல்லும், ரூட்டைல் என்ற கனிமத்தின் இழைகள் முழு இழையாக இல்லாமல் புள்ளி புள்ளியாக அறுந்து கிடந்தன, கடுமையாகச் சூடாக்கிய கல்லில் அப்படி ஆகும். ஆக இயற்கை நீலம், நிறம் மேம்படச் சூடாக்கப்பட்டதற்கான அறிகுறி உண்டு. சந்தைக்கு வரும் நீலங்களில் பெரும்பாலானவை சூடு பார்த்தவைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சூடு பார்க்காத கல்லுக்கு விலை கூடுதல் என்பதால்தான் அதை வாய்ச்சொல்லில் ஏற்கக் கூடாது.

எடையில்தான் அடி விழுந்தது. கல்லைக் கழற்றாமல் எடையைக் கணிக்க ஒரு வாய்ப்பாடு உண்டு: நீள்வட்டக் கல்லுக்கு நீளம், அகலம் இரண்டின் சராசரியை வர்க்கமாக்கி, ஆழத்தால், அடர்த்தியால், பின் 0.0020 என்ற காரணியால் பெருக்க வேண்டும். இந்தக் கல் 8.0க்கு 6.0, அடிப்பக்கம் திறந்த கட்டுமானம் என்பதால் ஆழமும் நேராக அளக்க முடிந்தது, 4.0 மில்லிமீட்டர். சராசரி 7, வர்க்கம் 49, நான்கால் பெருக்கினால் 196, அடர்த்தி நான்கு, 784, கடைசியாக 1.57 காரட். பழைய தாளில் இருந்த 2.25 வரவேண்டும் என்றால் ஆழம் 5.7 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். 1996இல் எழுதியவர் அளந்தாரா, மேலிருந்து பார்த்து மதிப்பாகப் போட்டாரா தெரியாது, ஆனால் தாளில் எங்கேயும் மில்லிமீட்டர் அளவே இல்லை, அதுவே போதும். இந்த வித்தியாசத்தைச் சுமார் முப்பது சதவீதம் என்று விட்டுவிட முடியாது. கல் பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டுக்கான விலையே ஏறும், இரண்டு காரட்டைத் தாண்டிய கல்லுக்கு ஒரு விகிதம், தாண்டாததற்கு வேறு விகிதம். எடையும் குறைந்து விகிதமும் குறைந்தால் மொத்தம் பாதியை நோக்கிப் போய்விடும்.

பொடி வைரங்கள் எல்லாம் வைரம்தான், ஒன்று விளிம்பில் உடைந்திருந்தது. 750 முத்திரையை அப்படியே நம்பாமல் உலோகத்தையும் மூன்று இடங்களில் சோதித்தார், வளையம் பிற்பாடு மாற்றப்பட்டிருந்தால் முத்திரை வளையத்துக்கு மட்டும்தான் பேசும் என்றார். இதில் மாற்றப்படவில்லை.

கம்மல்

இந்த மொத்த விவகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. இரண்டு கம்மலையும் கையில் வைத்துப் பார்த்தால் ஒரே நிறம், ஒரே அளவு. ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டும் மாணிக்கத்தின் எண்ணைக் காட்டின. புற ஊதா விளக்கில் இரண்டும் சிவந்தன. மதிப்பீட்டாளர் இங்கே நிறுத்தி ‘இயற்கை மாணிக்கம், ஜோடி’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் நிறுத்தவில்லை. நுண்ணோக்கியில் வலது கம்மலை வைத்து மெல்லத் திருப்பினார். ஒரு கோணம் வரை வெறும் சிவப்பு, இன்னும் கொஞ்சம் திருப்பியதும் கல்லுக்குள் ஒரு வெடிப்பின் வழியே நீலம் பளிச்சிட்டது, மேலும் திருப்ப அது ஆரஞ்சாகி மறைந்தது. அந்த வெடிப்புக்குள்ளேயே தட்டையான சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். ஈயக் கண்ணாடி ஊற்றி நிரப்பிய மாணிக்கத்தின் அடையாளம் இது. வெடிப்பு மண்டிய, பட்டை தீட்டவே லாயக்கற்ற மாணிக்கத்தைச் சுத்தம் செய்து, ஈயம் அதிகமுள்ள கண்ணாடியை உருக்கி வெடிப்புகளுக்குள் இறக்கினால் கல் தெளிந்துவிடும். கண்ணாடியின் ஒளிவிலகல் மாணிக்கத்துக்கு நெருக்கமாக இருப்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, மேற்பரப்பில் மாணிக்கமும் இருப்பதால் கருவியும் மாணிக்கம் என்றே சொல்லும். விலையில் இதற்கும் நல்ல மாணிக்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

இடது கம்மலில் அப்படி எதுவும் இல்லை, மென்மையான பட்டு, ஒரு சின்னப் படிகத் துகள், நல்ல இயற்கைக் கல்.

சரி, 1996 தாளை எழுதியவர் ஏமாற்றினாரா? இந்த வகை ஈயக் கண்ணாடி மாணிக்கம் சந்தையில் பெருகியது 2004 வாக்கில்தான். ஆகவே தாள் எழுதப்பட்டபோது இந்தக் கல் அந்தக் கம்மலில் இருந்திருக்க வாய்ப்பே குறைவு. வலது கம்மலின் கவ்விகளை லென்ஸில் பார்த்தோம்: நாலில் இரண்டு புதிதாகக் கட்டப்பட்டவை, பொடி வைத்து ஒட்டிய இடத்தில் உலோகத்தின் நிறம் லேசாக வேறு. கதை ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும், எப்போதோ ஒரு கல் விழுந்தது, யாரோ ஒரு பட்டறையில் நிறம் பார்த்து வேறு கல் வைத்துக் கொடுத்தார்கள், அவர்களுக்கே அது என்ன கல் என்று தெரியாமலும் இருந்திருக்கலாம். தாள் அன்றைக்கு உண்மை. இன்றைக்கு அது இந்தக் கம்மலைப் பற்றிய தாளே இல்லை. பழைய சர்டிபிகேட்டோடு வரும் நகையை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது, தாள் கல்லோடு ஒட்டி வருவதில்லை என்பதைத்தான். அளவு, எடை, உள்ளே இருக்கும் அடையாளங்களின் வரைபடம் இவை இருந்தால்தான் இந்தத் தாள் இந்தக் கல்லுக்குத்தான் என்று ஒப்பிட முடியும். ஜிஐஏ மாதிரி ரத்தின ஆய்வகங்களின் அறிக்கை எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம், ஆனால் எண் சரியாக இருந்தாலும் கல்லை அளந்து ஒப்பிடாமல் விட்டால் பயனில்லை.

இதில் நடைமுறை ஆபத்தும் ஒன்று உண்டு. ஈயக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறு அளவுக்கான அமிலமே அரித்துவிடும், பட்டறையில் பொடி வைக்கும் தீயும் அப்புறம் முக்கும் அமிலமும் கல்லை வெளிறவைத்து வலைவலையாக வெடிப்பைக் காட்டிவிடும். நல்லவேளை, காட்டுவதற்கு முன் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று இவள் ஒலியலையால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் கருவியில் போடவில்லை. எண்ணெய் ஊட்டிய மரகதம், ஓபல், முத்து இவற்றுக்கும் அதே எச்சரிக்கை. மதிப்பீட்டுக்குக் கொண்டு போகும் முன் மெல்லிய துணியால் துடைத்தால் போதும், சொல்லப்போனால் கவ்விக்கு அடியில் இருக்கும் அழுக்குகூட ஒரு தகவல்தான்.

எண்கள்

எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரே ஒரு தொகை இல்லை. விற்க விருப்பமுள்ளவரும் வாங்க விருப்பமுள்ளவரும் அவசரமில்லாமல் பேசினால் எங்கே வந்து நிற்பார்கள் என்ற சந்தை மதிப்பு ஒன்று. இதே மாதிரி நகையைக் கடையில் புதிதாக வாங்கி ஈடுகட்ட என்ன ஆகும் என்ற காப்பீட்டு மதிப்பு இன்னொன்று, அது எப்போதும் கூடுதல். நாளைக்கே விற்றாக வேண்டும் என்றால் என்ன கிடைக்கும் என்பதையும் கேட்டு வாங்கினோம், அது மூன்றிலும் குறைவு. பழைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது அடியில் பொடி எழுத்தில் ‘காப்பீட்டுக்காக’ என்று இருந்தது. ஆக அந்தப் பெரிய தொகை, கடையில் புதிதாக வாங்கி ஈடுகட்டும் தொகை. அதில் பாதி விலை என்றால் சலுகை மாதிரி தோன்றும், ஆனால் பழைய நகையின் சந்தை மதிப்பு சாதாரணமாகவே அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும்.

மோதிரத்தின் சந்தை மதிப்பு, அவள் அதற்குக் கொடுத்த பங்கைவிடக் கொஞ்சம்தான் குறைவாக வந்தது. கம்மல் பள்ளத்தில் விழுந்தது. அங்கே நட்டம் ஒரு கல்லோடு நிற்கவில்லை. பொருந்திய ஜோடி என்பதற்கென்று தனி விலை உண்டு, தனியாக நிற்கும் நல்ல மாணிக்கத்துக்கு அதே நிறத்தில், அதே அளவில் இணை தேடுவது லேசான காரியம் இல்லை.

முதல் கடைக்காரர் சொன்ன தங்க எடை விலையும் மூன்றாவது எண்ணுக்கு அடியில் பொருந்தி உட்கார்ந்தது. அவர் அநியாயமாகக் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கல்லையும் சேர்த்து வைத்துக்கொண்டு கல்லுக்குக் காசு தராமல் விட்டிருந்தால்தான் அநியாயம், அப்படிப்பட்ட இடத்தில் கல்லைக் கழற்றிக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிறகு நடந்தது

விற்றவருக்கு அறிக்கையின் நகலை அனுப்பினாள். ‘ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று எழுத நினைத்ததைத் தடுத்தது நான்தான். குற்றச்சாட்டை விட விவரம் வேலை செய்யும். ரசீதில் ‘இயற்கை மாணிக்கம், ஜோடி’ என்று உள்ளது, வலது கல் ஈயக் கண்ணாடி நிரப்பியது, கவ்விகள் பிற்பாடு கட்டப்பட்டவை, நுண்ணோக்கிப் படம் இணைப்பில், திருப்பித் தரும் அவகாசம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான் கடிதம். அவர் முதலில் பழைய தாளைக் காட்டி வாதாடினார். தேதிக் கணக்கைச் சொன்னதும் இறங்கி வந்தார், கம்மலை எடுத்துக்கொண்டு அதற்கான தொகையைத் திருப்பிவிட்டார். மோதிரத்தின் எடை விஷயத்தில் அசையவில்லை, ‘தோராயமாக’ என்று எழுதியிருக்கிறதே என்றார். அந்தச் சொல் அவருக்குக் குடை பிடித்துவிட்டது. மோதிரத்தை அவள் வைத்துக்கொண்டாள், பிடித்திருந்தது என்பது ஒரு காரணம், கொடுத்த விலை பெரிதாகத் தப்பில்லை என்பது இன்னொன்று.

சூடு பார்த்த கல்தானா என்பதை உறுதிசெய்ய ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். ஜிஐஏ, ஸ்விட்சர்லாந்தின் எஸ்எஸ்இஎஃப், க்யூபெலின் போன்ற இடங்களில் கல் என்ன, சிகிச்சை என்ன, சில கற்களுக்கு எந்த நிலப்பகுதியிலிருந்து வந்தது என்பதுவரை சொல்வார்கள், விலை சொல்ல மாட்டார்கள். அறிகுறி ஏற்கெனவே சூடு பார்த்ததைக் காட்டும் ஒன்றரைக் காரட் கல்லுக்கு அந்தச் செலவு வீண் என்று மதிப்பீட்டாளர் சொன்னார், கல் சூடு பார்க்காதது மாதிரி தெரிந்திருந்தால் தானே அனுப்பச் சொல்லியிருப்பாராம். தனக்கு ஒரு காசு லாபமில்லாத யோசனை என்பதால் அதை நாங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டோம். காப்பீட்டுக்கு 1.57 காரட் என்ற புது அறிக்கையைக் கொடுத்தாயிற்று. சந்தை விலை மாறும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை தொகையை மட்டும் புதுப்பிக்க வேண்டியிருக்கும், கல்லை மறுபடி முழுதாகச் சோதிக்க வேண்டியதில்லை. உடைந்த பொடி வைரத்தை மாற்ற மோதிரத்தைப் பட்டறையில் கொடுத்தபோது, நீலக்கல்லின் வரைபடத்தைக் காட்டி ரசீதில் அளவோடு எழுதி வாங்கிக்கொண்டாள்.